நண்டுத்திட்டின் ரெண்டு காத்தாடி

நண்டுத்திட்டுல கிழக்கு எந்தப் பக்கம்னு யாராவது கேட்டா, மணி என்ன ஆச்சுன்னு திருப்பிக் கேட்டுட்டுத்தான் பதில் சொல்லணும்ங்கிற நிலைமை ஒரு காலத்துல இருந்துச்சு. சும்மா இல்ல, முழுசா பதினாறு நாள் இருந்துச்சு.

நூத்திநாப்பது வீடு, ஒரு கோயில், ஒரு ஜெட்டி, எண்ணி ஏழு தென்னமரம், எண்ண முடியாத அளவுக்கு ஆடு. இவ்வளவும் இருக்கிற அந்தத் தீவுல தெருன்னு பாத்தா ரெண்டே ரெண்டுதான், வடக்குத் தெரு, தெக்குத் தெரு. ரெண்டு தெருவும் ஒரே கடல்ல மீன் பிடிச்சு, ஒரே கோயில்ல முட்டி போட்டு, ஒரே கெணத்துல தண்ணி எடுத்தாலும், ஒரே முடிவ மட்டும் எடுத்ததே கிடையாது. அதனால அக்கரையில இருக்கிற பனையடிக்குப் போய்வர ஊர்பொதுவா ஒரு மோட்டார் போட்டு வாங்கணும்னு வந்தப்ப, உடம்ப பொதுவுல வாங்கி, அதுக்கு ரெண்டு டீசல் எஞ்சின் வச்சு, எடது எஞ்சின் வடக்குத் தெருவுக்கு, வலது எஞ்சின் தெக்குத் தெருவுக்குன்னு பிரிச்சுக்கிட்டாங்க. எஞ்சின் பிரிஞ்சா அதுக்கு அடியில தண்ணிக்குள்ள சுத்துற காத்தாடியும் பிரியும்தானே. ப்ரொப்பல்லருன்னு கடைக்காரன் சொல்லுவான், கடக்கரையில அதுக்குப் பேரு காத்தாடி. அவங்கவங்க எஞ்சினுக்கு அவங்கவங்க காத்தாடி, எவனும் அடுத்தவன் காத்தாடியில மூக்க நுழைக்கக் கூடாதுன்னு கோயில் முன்னால வச்சு சத்தியம் வேற பண்ணிக்கிட்டாங்க.

அந்தப் போட்டுக்கு டிரைவர், மெக்கானிக், கரியைத் துடைக்கிறவன் எல்லாம் பெர்க்மான்ஸ்தான். நாப்பத்தாறு வயசு. சங்கு குளிச்சு வளந்த ஆளு, மூச்சடக்கினா மூணு நிமிஷம் தாங்குவான், கல்யாணத்தை அடக்கினது மட்டும் நாப்பத்தாறு வருஷம். அவன் ரெண்டு தெருக்காரங்களையும் உக்கார வச்சு சொன்னான். "காத்தாடிக்கு அளவு ரெண்டு இருக்கு. குறுக்க எத்தன இஞ்சுங்கிறது ஒண்ணு. ஒரு சுத்துச் சுத்துனா தண்ணிய எவ்வளவு தூரம் கடிச்சுக்கிட்டு முன்னால போவுங்கிறது இன்னொண்ணு. பெருசா போட்டா எஞ்சின் மூச்சு முட்டிக் கரும்புகை கக்கும். சின்னதா போட்டா பிடிமானம் இல்லாம வெறி புடிச்ச மாதிரி சுத்தும். எது போட்டாலும் ரெண்டுக்கும் ஒரே அளவு போடணும். குறுக்க இருபத்திரண்டு இஞ்சு போடுங்க."

வடக்குத் தெரு தலைவர் கயித்தான் வெத்தலைய ஒதுக்கிக்கிட்டாரு. "எங்க எஞ்சினுக்கு இருபத்தாறு."

"மாமா, அது ஜாஸ்தி."

"ஜாஸ்தி எங்களுக்குத் தாங்கும்வே."

தெக்குத் தெருவுக்குத் தலைவரு கிடையாது, இஞ்ஞாசியம்மாதான் இருந்தாங்க, அது போதுமானதா இருந்துச்சு. "டீசல் யாரு குடிக்கப் போறா? எங்களுக்குப் பதினெட்டு. சின்னதா, அடக்கமா, வீட்டுப் பொம்பள மாதிரி இருக்கணும்"ன்னு எட்டுத் தெருவுக்குக் கேக்கிற குரல்ல சொன்னாங்க. இருந்தது ரெண்டு தெருதான்.

"சின்னம்மா, ஒரு காலுல பூட்ஸும் ஒரு காலுல ரப்பர் செருப்பும் போட்டா எப்படி நடக்கிறது?"

"நீ எதுக்குல நடக்க? போட்டுலதான போற."

பெர்க்மான்ஸ் இருபத்தாற எடதுலயும் பதினெட்ட வலதுலயும் மாட்டினான்.

இதுல அவனுக்கு என்ன கவலைன்னா, அந்த ஞாயித்துக்கிழமைதான் கோயில்ல அவனுக்கு முதல் ஓலை வாசிக்கிறதா இருந்துச்சு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு மூணு ஞாயித்துக்கிழமை சாமியாரு வாசிப்பாரு, மூணாவது வாசிச்சு முடிஞ்சா மறுநாள் திங்கக்கிழமை நண்டுத்திட்டுக் கோயில்ல கல்யாணம். பொண்ணு பனையடிக்காரி, ஞானப்பூ, நாப்பத்தொரு வயசு, பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர், ஊரே டீச்சர்னுதான் கூப்பிடும், பெர்க்மான்ஸும் அப்படித்தான் கூப்பிடுவான். முன்னூறு பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரத்துல சோறு போட்டு முடிக்கிற பொம்பளைக்கு, கடல்னா மட்டும் ஆகாது. ஒரு தடவ வல்லத்துல ஏறி நண்டுத்திட்டுக்கு வரப் பாத்து, பாதி வழியில காலைச் சாப்பாடு, முந்தின நாள் சாப்பாடு, அதுக்கு முந்தின பொங்கல்ல தின்ன கரும்பு எல்லாம் வெளிய வந்து, வல்லத்தைத் திருப்பச் சொல்லிட்டா. அவ போன்ல சொன்னது இதுதான்.

"டிரைவரே, எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. கடலப் புடிக்கல. ஆடாம, வளையாம, நூல் புடிச்ச மாதிரி நேரா வந்து என்ன ஏத்திக்கிட்டு நேரா போற போட்டு கொண்டாங்க, வாறேன். மூணாவது ஓலை வாசிச்ச மறுநாள் பத்து மணி வரைக்கும் கரையில நிப்பேன். அதுக்கு மேல நிக்க மாட்டேன், பன்னெண்டு மணிக்கு எனக்குப் பந்தி இருக்கு."

"டீச்சர், ரெண்டு எஞ்சின் போட்டு, தெய்வமே ஏறுனாலும் வாந்தி எடுக்காது"ன்னு இவன் வாக்குக் குடுத்துட்டான். குடுத்தப்ப இருபத்தாறும் பதினெட்டும் அவனுக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலையில பத்தரை மணிக்கு போட்டை ஜெட்டியில நாலு வடத்துல கட்டி, மூக்கு கடலப் பாக்க நிறுத்தி, ஊரே கூடி நிக்க, பெர்க்மான்ஸ் ரெண்டு எஞ்சினையும் முழுசா முறுக்கினான். வடக்கு எஞ்சின் கல்யாண வீட்டுப் பெரியப்பா சாப்பிட்டு எழுந்திரிக்கிற மாதிரி "ம்ம்ம்ஹும்... ம்ம்ம்ஹும்"ன்னு முக்கிக் கரும்புகையா விட்டுச்சு. நிமிஷத்துக்கு எத்தன சுத்துன்னு காட்டுற முள்ளு ஆயிரத்து நானூறத் தாண்டல. தெக்கு எஞ்சின் குழம்பு தீஞ்ச வீட்டுல மாமியாரு கத்துற மாதிரி "கீஈஈஈ"ன்னு எகிறி ரெண்டாயிரத்து எரநூறுல நின்னுச்சு. போட்டு ஒரு இஞ்சு நகரல. வடம் இழுபட்டு விறைச்சு நின்னுச்சு, அப்பறம் கோயில் கோபுரத்தோட நிழலு மெதுவா நகந்து, கயித்தான் மடியில ஏறி எறங்கி, இஞ்ஞாசியம்மா காயப் போட்டிருந்த நெத்திலி மேல போய்ப் படுத்துச்சு.

போட்டு திரும்பல, நண்டுத்திட்டு திரும்புச்சு. நூத்திநாப்பது வீடும், கோயிலும், ஏழு தென்னையும், கயித்தான் உக்காந்திருந்த நாற்காலியும் சேந்து, மாவாட்டுற கல்லு திரும்புற மாதிரி, சத்தமில்லாம, ஒரு டம்ளர் தண்ணி தளும்பாம, கால்வாசி வட்டம் திரும்புச்சு.

கயித்தான் நாற்காலிய நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டாரு. இஞ்ஞாசியம்மா, "ஏல பெர்க்மான்ஸு, நெத்திலியில நிழலு விழுது, இன்னும் கொஞ்சம் திருப்பு"ன்னாங்க. அவன் இன்னும் கொஞ்சம் முறுக்க, நெத்திலிக்கு வெயில் வந்துச்சு. ஊரு கலைஞ்சு சோறு பொங்கப் போயிருச்சு.

அதுக்கப்பறம் நண்டுத்திட்டுக்காரங்க அந்த அதிசயத்தை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னா, புதுசா வந்த ரேஷன் கடையை எடுத்துக்கிட்ட மாதிரி எடுத்துக்கிட்டாங்க, அதாவது ரெண்டு நாள் வேடிக்கை பாத்தாங்க, மூணாவது நாள் வரிசையில நின்னாங்க. அம்பது வருஷமா மேக்கு வெயில வாங்கி வெந்துகிடந்த வடக்குத் தெரு வாசல்காரங்க, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு திருப்புத் திருப்பிவிடச் சொல்லி மனுக் குடுத்தாங்க. தெக்குத் தெருக்காரங்க மத்தியானம் தூங்குறதுக்குக் கடக்காத்து சன்னல் வழியா வரணும்னு மனுக் குடுத்தாங்க. கருவாடு காயப்போடுற பொம்பளைங்க, கருவாட்டைத் தூக்கி வெயிலுக்கு வைக்கிறதுக்குப் பதிலா ஊரைத் தூக்கி வெயிலுக்கு வச்சா இடுப்பு மிச்சமாகும்ல, அதுக்கு மனுக் குடுத்தாங்க. சோலார் தட்டு வச்ச வீடு எல்லாம் நாள் முழுக்கச் சூரியனையே பாத்துக்கிட்டு இருந்ததுல, மத்தியானத்துக்குள்ள பேட்டரி நெறஞ்சு, மிக்ஸி கிடையாத வீட்டுல கூட மிக்ஸி ஓடுச்சுன்னு ஒரு பேச்சு.

கஷ்டமும் இல்லாம இல்ல. டிஷ் ஆன்டெனா எல்லாம் ஒரே திசைய பாத்தாத்தான் படம் தெரியும், அதனால சீரியல் நேரத்துக்கு ஊரு எங்க நிக்கணும்ங்கிறதுல மட்டும் ரெண்டு தெருவும் வாழ்க்கையிலயே முதல் தடவையா ஒத்துப்போச்சு. ஆடுங்க சூரியனப் பாத்து வீடு திரும்புற சாதிங்கிறதால, சாயங்காலம் நேரா நடந்து கடல்ல எறங்கி, முட்டளவுத் தண்ணியில நின்னு யோசிச்சுச்சு. வலை போட்டுட்டு வர்ற வல்லக்காரங்க ஜெட்டியைத் தேடி ரெண்டு நாள் தீவச் சுத்திச் சுத்தி வந்தாங்க, மூணாவது நாள் வெவரம் தெரிஞ்சு, ஒரு இடத்துல நங்கூரத்தைப் போட்டு பீடியைப் பத்த வச்சுட்டு, ஜெட்டி வரட்டும்னு உக்காந்துட்டாங்க. சாமியாரு ஒண்ணும் சொல்லல, ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு மட்டும் பீடம் கிழக்க பாத்திருக்கணும்னாரு. அக்கரையில இருந்து நில அளவைக்காரரு ஒருத்தரு சங்கிலியும் திசைகாட்டியுமா வந்தாரு, மூணு தடவ வரைஞ்சு மூணு தடவ அழிச்சாரு, கடைசியில நாலு எல்லையிலயும் "கடல்"னு எழுதி, எந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாலும் சரியா இருந்ததால கையெழுத்துப் போட்டு, திசைங்கிற கட்டத்துல "அவ்வப்போது"ன்னு எழுதிட்டு, நண்டுக் குழம்பு சாப்பிட்டுக் கெளம்பிட்டாரு.

ஒரு வாரத்துல மீனவர் சங்கத்துப் பலகையில கால அட்டவணை ஏறிருச்சு. ஆறு மணிக்கு மாவாட்டுற வீட்டுக்கு வெளிச்சம், எட்டு மணிக்குக் கருவாடு, ஒரு மணிக்குத் தெக்குத் தெருத் தூக்கம், நாலு மணிக்கு வடக்குத் தெரு வாசல், ஏழு மணிக்கு சீரியல். போட்டு மட்டும் ஜெட்டிய விட்டு ஒரு அடி நகரல. அடுத்த தெருக்காரன் ராவோட ராவா அவுத்துட்டுப் போயிருவான்னு ரெண்டு தெருவுக்கும் பயம் வந்து, வடத்தை எடுத்துட்டு, பழைய கப்பல் உடைச்ச எடத்துல வாங்கின நங்கூரச் சங்கிலியால கட்டி, வடக்குத் தெரு ஒரு பூட்டு, தெக்குத் தெரு ஒரு பூட்டு போட்டாங்க. ஒரு சாவி கயித்தான் அரைஞாண்ல, ஒரு சாவி இஞ்ஞாசியம்மா சுருக்குப் பையில.

ரெண்டாவது ஓலையும் வாசிச்சாச்சு. பெர்க்மான்ஸ் கயித்தான் வீட்டுக்குப் போனான்.

"மாமா, திங்கக்கிழமை ஒரு நாளைக்குப் போட்டு வேணும். பொண்ணக் கூட்டிட்டு வரணும்."

"தாராளமா எடுத்துக்கிடும். அந்தப் பொம்பள பூட்டத் தொறந்தா நான் தொறக்கேன்."

தெக்குத் தெருவுக்குப் போனான்.

"தொறக்கேன்ல, உனக்குத் தொறக்காமலா. அந்தாளு மொதல்ல தொறக்கட்டும்."

"ரெண்டு பேரும் சேந்து தொறங்களேன் சின்னம்மா."

"சேந்தா? நாங்க என்ன கல்யாணமா பண்ணப் போறோம்? கல்யாணத்தை வேணா ஒரு மாசம் தள்ளிப்போடு. மழைக்கு முன்ன கருவாடு காஞ்சிரும். நாப்பத்தாறு வருஷம் இருந்தவனுக்கு முப்பது நாள் என்ன, பல்லு வெளக்குற நேரம்."

அவன் ஜெட்டியில உக்காந்து ஞானப்பூவுக்குப் போன் போட்டு, வெக்கத்த விட்டு எல்லாத்தையும் சொன்னான். ஊரு சுத்துறத சொன்னப்ப அவ "ம்"ன்னா. பூட்டு விஷயத்த சொன்னப்ப "ம்"ன்னா. இருபத்தாறு பதினெட்டுன்னதும் தான் கோவம் வந்துச்சு.

"ஏங்க, ரெண்டு ஆயா பந்தியில சோறு போடுதாங்கன்னு வைங்க. ஒருத்தி கையில பெரிய கரண்டி, ஒருத்தி கையில சின்னக் கரண்டி. என்ன ஆவும்? முன்னூறு பிள்ளையும் ஒரு பக்கமா போய் நிக்கும். பெரிய கரண்டிக்காரிக்கு தோள்பட்டை கழண்டுரும், சின்னக் கரண்டிக்காரி சும்மா காத்த அள்ளிக்கிட்டு இருப்பா. இத நான் வேலைக்குச் சேந்த மொத நாளே மாத்திட்டேன். நீங்க எத்தன வருஷமா டிரைவரு?"

"நான் மொதல்லயே இருபத்திரண்டுன்னு சொன்னேன் டீச்சர்."

"சொன்னா பத்தாது. மாத்துங்க. ரெண்டும் ஒரே அளவா இருந்தா போட்டு நேரா இழுக்கும்ல?"

"இழுக்கும். ரெண்டு எஞ்சினும் சேந்து நேரா இழுத்தா சங்கிலி அறுந்துரும்னுதான் நெனைக்கேன். ஆனா அளவுதான் பயமா இருக்கு. இருபத்தாறுக்கு ஆயிரத்து நானூறு, பதினெட்டுக்கு ரெண்டாயிரத்து எரநூறு, இந்த எஞ்சினுக்கு வேண்டியது ஆயிரத்து எண்ணூறு. நடுவுல பாத்தா இருபத்திரண்டுதான் வருது. ஆனா இது கட்டிப்போட்ட போட்டுல எடுத்த கணக்கு. அவுத்து விட்டு ஓடும்போது தண்ணி லேசாயிரும், முள்ளு மேல ஏறும். அப்ப இருபத்துமூணோ என்னவோ. தப்பாயிட்டா நடுக்கடல்ல நின்னுரும், நீங்க பத்து மணிக்கு மேல நிக்க மாட்டீங்க."

ஞானப்பூவுக்குப் பின்னால பிள்ளைங்க தட்டுல தாளம் போடுற சத்தம் கேட்டுச்சு.

"நாப்பத்தாறு வயசுல கண்ணு மூடிக்கிட்டு என்னத் தேர்ந்தெடுத்தீங்கல்ல, அதே மாதிரி இதையும் தேர்ந்தெடுங்க. நான் இருபத்திரண்டுல ரெண்டு காத்தாடி பட்டறையில வார்க்கச் சொல்லப் போறேன். ஒண்ணு இடஞ்சுழி, ஒண்ணு வலஞ்சுழிதான?"

"அது எப்படித் தெரியும்?"

"எங்க ஆயா ரெண்டு பேருல ஒருத்தி நொட்டாங்கை."

மூணாவது ஓலைக்கு முந்தின நாள், பனையடியில இருந்து வல்லத்துல பொண்ணு வீட்டுச் சீர் வந்து எறங்குச்சு. ரெண்டு பெரிய அண்டா, மூடி போட்டு, மஞ்சத் துணி சுத்தி, நாலு பேரு தூக்க வேண்டிய கனம். இஞ்ஞாசியம்மா அண்டாவத் தட்டிப் பாத்தாங்க. "வெங்கலமா?"ன்னாங்க. "வெங்கலந்தான் சின்னம்மா"ன்னு பெர்க்மான்ஸ் சொன்னது பொய் இல்ல. சத்துணவுக்காரி சீரு கனமாத்தான் இருக்கும்னு தெக்குத் தெரு பேசிக்கிச்சு.

ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை வாசிச்சாங்க. தடை சொல்ல யாரும் எழுந்திரிக்கல, ஒரு ஆடு மட்டும் உள்ள வந்து, திசை சரியில்லன்னு பாத்துட்டு வெளிய போச்சு. பூசை முடிஞ்சதும் பெர்க்மான்ஸ் ரெண்டு தெருவையும் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டான். கல்யாண மொய்யா நினைச்சு, இன்னைக்கு ஊரைத் திருப்பி ஜெட்டிய பனையடியப் பாக்க நிறுத்தி, நாளை மத்தியானம் வரைக்கும் அப்படியே விடணும், பொண்ணு வர்ற பக்கம் வாசல் இருக்கணும்ல. பூட்டத் தொறக்கச் சொல்லாததுல நிம்மதியாகி, ரெண்டு தெருவும் சரின்னுச்சு. பாவம், பொண்ணு வல்லத்துல வருதுபோலன்னு நெனைச்சுக்கிட்டாங்க.

ஊரைத் திருப்பி நிறுத்திட்டு, எல்லாரும் சோறு தின்னு அசந்த நேரத்துல, பெர்க்மான்ஸ் பெரிய ஸ்பேனரோட போட்டுக்கு அடியில முங்கினான். மூணு நிமிஷம் முங்கி, ஒரு மூச்சு வாங்கி, மறுபடி மூணு நிமிஷம் முங்கி, இருபத்தாற எறக்கி, பதினெட்ட எறக்கி, அண்டாக்குள்ள இருந்ததுங்கள ஒண்ணொண்ணா மாட்டினான். முப்பத்தஞ்சாவது மூச்சுக்கு மேல வந்தப்ப ஜெட்டியில கயித்தான் நின்னுக்கிட்டு இருந்தாரு.

"என்னவே பண்ணுதீரு?"

"பாசி சுரண்டுதேன் மாமா."

"மாப்பிள்ளை தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் கெடக்கக் கூடாது. தோலு சுருங்கிரும்"ன்னுட்டுப் போயிட்டாரு.

திங்கக்கிழமை காலையில ஏழரை மணிக்கு, வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டை, சட்டைப் பையில செயற்கை ரோசாப்பூ, இந்தக் கோலத்துல பெர்க்மான்ஸ் போட்டுல ஏறி, சிலுவை போட்டு, ரெண்டு எஞ்சினையும் சேத்து முறுக்கினான். எடது எஞ்சின் முக்கல. வலது எஞ்சின் கத்தல. ரெண்டும் ஒரே குரல்ல, ஜெபமாலை சொல்லுற வீட்டுல புருசனும் பொண்டாட்டியும் சேந்து முணுமுணுக்கிற மாதிரி முணுமுணுத்துச்சு. புகை இல்ல. முள்ளு ஏறி ஏறி ரெண்டு பக்கமும் ஆயிரத்து எண்ணூறுல போய், ஒரு மயிரிழை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லாம நின்னுச்சு. சங்கிலி விறைச்சுது. இப்ப அறுந்துரும்னு அவன் பாத்துக்கிட்டே இருந்தான். அறுகல. கப்பல் சங்கிலி அது, எதுக்கு அறுகப் போவுது. பூட்டும் தெறிக்கல, நல்ல பூட்டா பாத்துத்தான் ரெண்டு தெருவும் வாங்கியிருந்துச்சு.

ஆனா பனையடி பக்கத்துல வந்துக்கிட்டு இருந்துச்சு.

கயித்தான் கரையில உக்காந்து கண்ணாடியைக் கல்லுல சாச்சு வச்சு முகச் சவரம் பண்ணிக்கிட்டு இருந்தவரு, பாதி நுரையோட நிமிந்து பாத்தாரு. அக்கரையில பனை மரம் எல்லாம் பெருசாகிக்கிட்டே வந்துச்சு.

"பனையடிக்காரன் எதுக்கு இங்க வாரான்?"

"வரட்டும், கல்யாணத்துக்குத்தான வாரானுவ"ன்னாங்க இஞ்ஞாசியம்மா, நெத்திலியப் புரட்டிப் போட்டுக்கிட்டே. "ஊரோட வருவானுவன்னு தெரிஞ்சிருந்தா கூட ரெண்டு படி அரிசி போட்டிருப்பேன்."

முன்னால போட்டு, போட்டுக்குப் பின்னால சங்கிலி, சங்கிலிக்குப் பின்னால ஜெட்டி, ஜெட்டிக்குப் பின்னால நூத்திநாப்பது வீட்டுக் கொடியில காயுற துணி, கோயில் மணி, ஏழு தென்னை, என்னடா இதுன்னு வரிசையா நின்னு பாத்த ஆடு, அதுக்கும் பின்னால, ஜெட்டி வரட்டும்னு முந்தின நாள்ல இருந்து நங்கூரம் போட்டு உக்காந்திருந்த ஒரு வல்லக்காரன் விரட்டிக்கிட்டு வர, மூணு மைலு கடலையும் நண்டுத்திட்டு நூல் புடிச்ச மாதிரி கடந்துச்சு. கட்டிப்போட்டு எடுத்த கணக்கு, கட்டிப்போட்டே ஓடுற போட்டுக்கு இஞ்சு பிசகாம ஒத்து வந்துச்சு. சுக்கான்ல கைய வச்சுக்கிட்டு பெர்க்மான்ஸ் முள்ளையே பாத்துக்கிட்டு நின்னான், ஒரு தடவதான் திரும்பிப் பாத்தான், ஊரு பின்னாலயே வர்றதப் பாத்துட்டு, வரட்டும்னு விட்டுட்டான். இருபத்துமூணு போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கிறப்பதான் அவனுக்கு வேர்த்துச்சு.

பத்து மணிக்கு மூணு நிமிஷம் இருந்தப்ப, எஞ்சினைக் கொறைச்சு, போட்டை ஓரமா ஒதுக்கி விட, தீவு தன்னால வந்து பனையடிக் கரையில, சத்துணவுக் கூடத்துக்கு நேரா, மெத்தையில தலை சாய்க்கிற மாதிரி சாஞ்சு நின்னுச்சு. ரெண்டு கரைக்கும் நடுவுல ஒரு முழம் தண்ணி. அந்தப் பக்கம் பனையடி பஸ் நின்னுக்கிட்டு இருந்துச்சு, கண்டக்டர் எறங்கி வந்து நண்டுத்திட்டை மேலும் கீழும் பாத்து, "இங்க ஸ்டாப்பிங் கெடையாதே"ன்னாரு. அதுக்குள்ள வடக்குத் தெரு மொதல்ல எறங்குறதா தெக்குத் தெரு மொதல்ல எறங்குறதான்னு கயித்தானும் இஞ்ஞாசியம்மாவும் ஆரம்பிச்சுட்டாங்க. யாரும் எறங்கல.

ஞானப்பூ கரையில நின்னா. பட்டுச் சேலை, கையில கைக்கடிகாரம், இடுப்புல சத்துணவுக் கூடத்துச் சாவிக்கொத்து. பெர்க்மான்ஸ் ஜெட்டியில தாவி எறங்கி, மூச்சு வாங்க ஓடி வந்து அந்த ஒரு முழத் தண்ணிக்கு இந்தப் பக்கம் நின்னான். மூணு நிமிஷம் மூச்சடக்குற ஆளுக்கு அன்னைக்குப் பேச மூச்சு வரல.

"ஒரு போட்டு கேட்டேன்"ன்னா ஞானப்பூ.

"பூட்டத் தொறக்கல டீச்சர்."

அவ ஊரைப் பாத்தா, சங்கிலியப் பாத்தா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பொங்குன பால் கணக்கா ஓஞ்சுக்கிட்டு இருந்த தண்ணியப் பாத்தா. செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, வலது காலை நீட்டி நண்டுத்திட்டு மேல வச்சு, சோறு வெந்திருச்சான்னு பாக்கிற மாதிரி ஒரு அமுக்கு அமுக்கினா. அப்பறம் இன்னொரு அமுக்கு.

"ஆடுதா டீச்சர்?"

"இது ஆடல டிரைவரே, நீங்கதான் ஆடுதீங்க"ன்னு சொல்லிட்டு, அவன் தோளைப் புடிச்சுக்கிட்டு, மறு காலையும் எடுத்து வச்சா.